தண்டவாளத்தில் கொட்டிய கோதுமை

ஸவோட்னிகி, 8 அக்டோபர் 2023

கிறிஸ்துவுக்குப் புகழ்!

அன்புள்ள தெக்லா அக்காவுக்கு, தம்பி போகுமில் எழுதுவது. நானும் வீஸ்லாவாவும் நலம். உன் உடம்பும் ஓஸ்தாப் அத்தானின் முதுகுவலியும் எப்படி இருக்கின்றன என்று எழுது. எல்லாவற்றுக்கும் முன்னால் உன் மகன் நாஸாரைப் பற்றி எழுது. போர்முனையில் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று சொல்லக்கூடாதென்றால் வேண்டாம். நன்றாக இருக்கிறான் என்று ஒரு வரி போதும்.

நீ கேட்டுக்கொண்டபடி இனி போன் போட மாட்டேன். மணி அடித்தாலே கையில் இருப்பது நழுவி விழுகிறது என்று சொன்னாயே, அதற்குப் பிறகு எனக்கும் உன் நம்பரை அழுத்த விரல் வரவில்லை. லுப்ளினுக்கும் லூத்ஸ்குக்கும் வேன் ஓட்டும் லெவ்கோவிடம் பேசிவிட்டேன். அறுபதைத் தாண்டியவர், பட்டாளத்துக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால் அவரை எல்லையில் தடுப்பதில்லை. "ஒரு கடுதாசிக்கு ஒரு சாசேஜ். பதிலும் கொண்டாரணும்னா சாசேஜ் கொஞ்சம் நீளமா இருக்கணும்" என்கிறார். நீ அத்தானைக் கட்டிக்கொண்டு எல்லையான பூக் ஆற்றைத் தாண்டி அக்கரை நாட்டுக்குப் போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு இப்போதுதான் நாம் கடிதம் எழுதுகிறோம்.

இங்கே விளைச்சல் குறைவில்லை. விலைதான் இல்லை. போன வருஷம் டன்னுக்கு ஆயிரத்து அறுநூறு ஸ்லோட்டி கொடுத்தவன், இப்போது எண்ணூறு என்கிறான். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்கிறான். கிடங்கில் பழைய கோதுமை அப்படியே கிடக்கிறது. அதன் மேலேயே புதியதைக் கொட்டினேன். கேட்டால், "கிழக்கேயிருந்து மலிவா வருது, உங்களுது எதுக்கு?" என்கிறார்கள். கிழக்கு என்றால் நீதானே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வீஸ்லாவா சிரிக்கவில்லை.

நாஸாருக்கு மாமா முத்தம் அனுப்பினேன் என்று சொல்.

உன் தம்பி,
போகுமில்


ஸ்தாரி ப்ரீத், 27 அக்டோபர் 2023

என்றென்றும் புகழ்!

அன்புள்ள தம்பி போகுமிலுக்கும் வீஸ்லாவாவுக்கும், தெக்லா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் மூன்று பேரும் நலம். அத்தானுக்கு முதுகு நிமிரவில்லை, ஆனால் நாக்கு நன்றாக வேலை செய்கிறது. நாஸார் வாரத்துக்கு ஒருமுறை அத்தானின் போனுக்கு ஒரு கூட்டல் குறி அனுப்புகிறான். அவ்வளவுதான் செய்தி. கூட்டல் என்றால் இருக்கிறேன் என்று அர்த்தம். அது வருகிற நாளில் அத்தான் ஒன்றும் சொல்லாமல் எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். 

எங்கள் கோதுமையால் உனக்கு விலை போய்விட்டது என்கிறாய். எங்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? நீ சொன்ன எண்ணூறில் பாதிகூட இல்லை. கடல் வழியாகப் போன சரக்கு, துறைமுகத்தில் குண்டு விழுவதால் ரயிலில் மேற்கே திரும்புகிறது. போகிற வழியெல்லாம் ஆள் ஆளுக்குப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் எங்கள் கையில் தருகிறார்கள். ஊரில் ஆண்பிள்ளை இல்லை. இந்த வருஷம் அறுப்பு மெஷினை நான்தான் ஓட்டினேன். ஐம்பத்தாறு வயதில்! ஒரு மூலையில் திருப்பத் தெரியாமல் வேலியைச் சாய்த்துவிட்டேன். நாஸார் இருந்திருந்தால் சிரித்தே விழுந்திருப்பான். அவனுக்கு மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நீ. அம்மாவுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

வீஸ்லாவாவின் ரத்த அழுத்தம் எப்படி? உப்பைக் குறைக்கச் சொல்.

அக்கா,
தெக்லா


ஸவோட்னிகி, 19 நவம்பர் 2023

கிறிஸ்துவுக்குப் புகழ்!

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு ஞாயிறு பூசையில் மெழுகுவத்தி ஏற்றினோம்.

ஒரு விஷயம் பிறர் வாயால் உனக்குத் தெரியக்கூடாது என்று நானே எழுதுகிறேன். எல்லைச் சாலையில் மறியல் நடக்கிறது. லாரிக்காரர்கள் ஆரம்பித்தார்கள், இப்போது விவசாயிகளும் டிராக்டர்களோடு போகிறோம். நானும் முறைபோட்டுப் போகிறேன். உன் மேலோ உங்கள் ஊர் மேலோ எனக்கு என்ன பகை? இதை நீ நம்ப வேண்டும்.

எங்கள் நிலைமையை யோசித்துப் பார். என் நாற்பது ஹெக்டேரில் இத்தனை பங்கைத் தரிசாகப் போடு என்கிறது, ஐரோப்பாவுக்கெல்லாம் விதி போடும் பிரஸ்ஸல்ஸ். இந்தக் களைக்கொல்லி கூடாது, அந்தப் பூச்சிமருந்து கூடாது, ஓடையிலிருந்து இத்தனை அடி தள்ளி உழு என்கிறது. வானத்திலிருந்து படம் பிடித்து என் வயலை அளக்கிறார்கள். சரி, பூமிக்கு நல்லது என்றால் செய்கிறேன். ஆனால் இந்த விதி ஒன்றுமில்லாத தானியத்தை அதே சந்தைக்குள் விட்டுவிட்டு, "இரண்டு பேரும் போட்டி போடுங்கள்" என்றால் என்ன நியாயம்? ஒருவன் காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைக்கிற மாதிரி இல்லையா?

பக்கத்து வயல் ஸ்தாஷெக் டிராக்டரை விற்றுவிட்டான். அதை எடுத்துக்கொண்டு போனபோது ஊர்ப் பெண்கள் ஜன்னலுக்குப் பின்னாலேயே நின்றார்கள், ஒருத்தியும் வெளியே வரவில்லை. சாவு வீட்டு முன்னால்கூட வந்து நிற்பார்கள்.

லெவ்கோவின் வேனை விடச் சொல்லிப் பார்க்கிறேன். என் சொல் அங்கே எவ்வளவு எடுபடும் என்று தெரியவில்லை.

உன் தம்பி,
போகுமில்


ஸ்தாரி ப்ரீத், 14 டிசம்பர் 2023

என்றென்றும் புகழ்!

தம்பிக்கு. நலம். உன் கடிதம் இன்றுதான் வந்தது. லெவ்கோ உங்கள் மறியலில் நான்கு நாள் நின்று திரும்பிப் போய், வேறு எல்லை வாசல் வழியாகச் சுற்றிவந்தாராம். "அங்க உன் தம்பியும் நின்னாரு. எனக்கு சூப் குடுத்தாரு. வழிதான் குடுக்கல" என்றார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

நீ சொல்கிற நியாயம் எனக்குப் புரிகிறது. நான் உழவு வீட்டில் பிறந்தவள். ஆனால் போகுமில், மணல் மூட்டைக்குப் பின்னால் மகனை உட்கார வைத்துவிட்டு, சந்தை விதிகளைப் பற்றி யோசிக்க எனக்கு மனசில் இடம் இல்லை. கோபப்படாதே.

நாஸார் பத்து நாள் விடுப்பில் வந்தான். எட்டு நாள் தூங்கினான். ஒன்பதாம் நாள் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குளிர்கால விதைப்பை ஆழமா போட்டுட்டீங்கம்மா. மாமா பாத்தா திட்டுவாரு" என்றான். பத்தாம் நாள் போய்விட்டான். உனக்கு வணக்கம் சொன்னான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

தெக்லா


ஸவோட்னிகி, 22 பிப்ரவரி 2024

கிறிஸ்துவுக்குப் புகழ்!

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடனே எழுதவில்லை, மன்னித்துவிடு. எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை.

குளிர் கடுமை. சாலையோரம் பீப்பாயில் விறகு எரித்துக்கொண்டு நிற்கிறோம். உள்ளங்கைத் தோல் வெடித்துவிட்டது, வீஸ்லாவா வாத்துக் கொழுப்பு தடவுகிறாள். கோதுமை அறுநூற்றைம்பதுக்கு வந்துவிட்டது. நான் இன்னும் விற்கவில்லை. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

நாஸாரிடம் சொல், ஆழமாக விதைத்ததற்கு நான் திட்ட மாட்டேன். பனி நிறைய விழுகிற வருஷம் ஆழமே நல்லது.

அத்தான் டிவி பார்ப்பதுண்டா? பார்க்காமல் இருப்பதே உடம்புக்கு நல்லது. அதில் எல்லாவற்றையும் பெரிதுபண்ணிக் காட்டுகிறார்கள்.

உன் தம்பி,
போகுமில்


ஸ்தாரி ப்ரீத், 24 பிப்ரவரி 2024

தம்பி போகுமிலுக்கு,

நாஸார் வீட்டுக்கு வந்துவிட்டான். இனி போக மாட்டான்.

நாங்கள் இருக்கிறோம். உன் கை எப்படி இருக்கிறது? பனியில் வெறுங்கையால் இரும்பைப் பிடிக்காதே, தோல் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் ஒருதரம் பம்பின் பிடியில் நாக்கை வைத்துவிட்டு அழுதாய்.

தெக்லா


ஸவோட்னிகி, 3 மார்ச் 2024

கிறிஸ்துவுக்குப் புகழ்! ஆயிரம் தடவை புகழ்!

அன்புள்ள அக்கா, அத்தான், என் செல்ல மருமகனே!

கடிதத்தை வாசலிலேயே பிரித்துப் படித்து, வீஸ்லாவாவைத் தூக்கிச் சுற்றினேன். "இடுப்பு உடைஞ்சிடும், எறக்கு மனுஷா!" என்று கத்தினாள். அவளும் அழுதாள். காயம் என்று அனுப்பினார்களா, வேறு காரணமா? கையோ காலோ என்றாலும் கவலைப்படாதே. இப்போதெல்லாம் ஒற்றைக் கையாலேயே டிராக்டர் ஓட்டுகிறார்கள். ஆள் வந்தானே, அது போதும்.

அவனுக்கென்று தனியாகப் புகை போட்ட பன்றித்தொடை, நாலு நீளச் சாசேஜ், போன வருஷம் ஊறவைத்த செர்ரி மது எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். லெவ்கோ நாளைக்கோ மறுநாளோ வருவார். நாஸார், முதல் கோப்பையை எனக்காகக் குடி. கோடையில் நானே வருகிறேன். உன் அம்மா சாய்த்த வேலியை இரண்டு பேரும் சேர்ந்து நிமிர்த்துவோம்.

அக்கா, நீ இத்தனை சுருக்கமாக எழுதியதில் எனக்குக் கோபமில்லை. சந்தோஷத்தில் கை ஓடியிருக்காது.

உங்கள்
போகுமில்


ஸவோட்னிகி, 10 மார்ச் 2024

அக்கா,

லெவ்கோ சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேன் வந்து மறியலில் நின்றது. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போன கடிதத்தையும் அதற்குள்தான் வைத்திருந்தேன். அவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"யாருக்கு இது?"

"நாஸாருக்குத்தான். வேற யாருக்கு? வீட்டுக்கு வந்துட்டானாமே!"

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "போகுமில் ஐயா, உங்களுக்கு யாரும் சொல்லலியா? பெட்டியிலதான் வந்தான். போன மாசம் பதினேழாந்தேதி அடக்கம். நான் போயிருந்தேன்."

கூடை என் கையிலேயே இருந்தது. பின்னால் எங்கள் மறியல் ஆட்கள், "என்னய்யா, கெழவனுக்கு விருந்தா? எங்களுக்கு இல்லியா?" என்று கேலி பேசினார்கள். நான் திரும்பி நடந்தேன். லெவ்கோவின் வேனை விடச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவர் ஆறு மணி நேரம் நின்றார்.

மூன்றாம் தேதிக் கடிதத்தை உனக்கு அனுப்பாமல் எரித்துவிடலாம் என்று நினைத்தேன். எரிக்கவில்லை. இதோடு சேர்த்து அனுப்புகிறேன். நான் எப்படிப்பட்ட மடையன் என்று நீ பார்.

இன்னொன்றும் இருக்கிறது. பிப்ரவரி இருபதாம் தேதி ஸ்டேஷன் பக்கவாட்டுத் தண்டவாளத்தில் கிழக்கேயிருந்து வந்த தானிய ரயில் பெட்டிகள் நின்றன. எட்டுப் பேர் போனோம். போகும்போது பேனர் கட்டப் போகிறோம் என்றுதான் பேச்சு. ஒருவன் பெட்டியின் முத்திரைக் கம்பியை வெட்டினான். பெட்டிக்கு அடியில் தானியம் இறங்கும் மூடியின் நெம்புகோல் உறைந்து இறுகிக் கிடந்தது. யாராலும் அசைக்க முடியவில்லை. "போகுமில், உன் தோளுதான் தோளு, வா!" என்றார்கள். போனேன். இழுத்தேன்.

மூன்று பெட்டி, அக்கா. மூன்றையும் நான்தான் திறந்தேன்.

போகுமில்


ஸவோட்னிகி, 21 ஏப்ரல் 2024

கிறிஸ்துவுக்குப் புகழ்.

அக்காவுக்கு. ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. லெவ்கோ வெறுங்கையோடு வருகிறார். "படிச்சாங்க. மடிச்சு உள்ள வெச்சாங்க" என்று மட்டும் சொல்கிறார். பதில் எழுத வேண்டாம். இதையாவது படி.

மறியலுக்கு நான் இப்போது போவதில்லை. ஸ்தாஷெக் வீட்டுக்கு வந்து, "பயந்துட்டியா?" என்று கேட்டான். "ஆமா, பயந்துட்டேன்" என்றேன். அவன் திரும்பிப் போய்விட்டான். நாங்கள் கேட்ட நியாயம் பொய் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அது நியாயம்தான். அதைக் கேட்கப் போன கையால் நான் என்ன செய்தேன் என்பதுதான் என்னை விடவில்லை.

அந்தச் சத்தம் போகவில்லை, அக்கா. அது தடதடவென்று கொட்டவில்லை. முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி வந்தது. பிறகு நீளமாக ஒரே சரசரப்பு. பெட்டி காலியாகும்வரை எட்டுப் பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவன் தொப்பியைக் கழற்றினான், எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது. இப்போது வீஸ்லாவா அரிசி களைந்தால் எனக்குக் கேட்கிறது. தகரக் கூரையில் மழை ஆரம்பித்தால் கேட்கிறது. பூசையில் எல்லோரும் ஒன்றாக மண்டியிடும்போது துணிகள் உரசுமே, அதிலும் கேட்கிறது. அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன். பாதிரியார் விசாரித்தார். வயிற்றுக்கோளாறு என்று வீஸ்லாவா சொல்லி வைத்திருக்கிறாள்.

போன வாரம் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். அள்ளியது போக மிச்சம் ஜல்லிக்குள் இறங்கி முளைத்திருக்கிறது. தண்டவாளத்துக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை. சிப்பந்தி ஒருவர் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். என்னை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். வாளியைத் தள்ளி வைத்து எனக்கு வழிவிட்டார். அந்தப் பெட்டிகள் நம் ஊர்ச் சந்தைக்கே வரவில்லையாம். கப்பலேறி வேறெங்கோ போக வேண்டியது. அவர்தான் சொன்னார்.

போலீசுக்குப் போய் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். மற்ற பெயர்களைக் கேட்டார்கள். "நெம்புகோலை இழுத்தது நான். அதுக்கு மட்டும்தான் நான் சாட்சி" என்றேன். அக்டோபரில் விசாரணை.

ஒரே ஒரு கேள்வி. அது உங்கள் கோதுமையா?

போகுமில்


ஸ்தாரி ப்ரீத், 19 மே 2024

என்றென்றும் புகழ்.

போகுமில்,

வீஸ்லாவாவும் நீயும் நலமா? நாங்கள் இருக்கிறோம். அத்தானின் முதுகு மோசம். குனிந்தால் யாராவது நிமிர்த்திவிட வேண்டும்.

உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது எங்களுடையது இல்லை. எங்களுடையது செப்டம்பரிலேயே தெற்கே போய்விட்டது. நான் விசாரித்தேன். இங்கிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு ஊர்க்காரர்களுடையது. எங்களுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்தேன். இருந்திருந்தால் உன்னை மன்னிக்கும் உரிமையாவது எனக்கு இருந்திருக்கும். யாருடையதோ என்பதற்கு நான் என்ன செய்ய?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நாஸாரை அடக்கம் செய்து மூன்றாம் நாள், வீடு நிறைய ஜனம். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கோதுமையும் தேனும் சேர்த்து வேகவைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கிண்ணத்தோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். யாரோ செய்திக்காக டிவியைப் போட்டிருந்தார்கள். தண்டவாளத்தில் தானியம் கொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து நின்ற ஒருவனின் முதுகு மட்டும் தெரிந்தது. இடது தோள் இறங்கி, வலது தோள் ஏறி. பரணிலிருந்து நீ விழுந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். அந்தத் தோளை எனக்குத் தெரியாதா?

அத்தான் எழுந்து டிவியை அணைத்தார். "அது அவனா இருக்காது, தெக்லா" என்றார். நான் ஒன்றுமே கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

அதனால்தான் அப்படி எழுதினேன். நாஸார் வந்துவிட்டான் என்று. நீ தப்பாகப் புரிந்துகொள்வாய் என்று தெரிந்தேதான் எழுதினேன். நீ ஒரு வாரமாவது சந்தோஷப்படு, பிறகு தெரிந்துகொள் என்று நினைத்தேன். எவ்வளவு கெட்ட மனசு பார். உன் மூன்றாம் தேதிக் கடிதத்தைப் படித்தபோது நான் நினைத்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. வீஸ்லாவாவைத் தூக்கிச் சுற்றினேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு மாதம் பிரிக்க முடியவில்லை. நீ செய்ததை நீ சொல்லிவிட்டாய். நான் செய்ததை நானும் சொல்லிவிட்டேன்.

இப்போது வேலை விஷயம். நாஸார் ஆழமாகப் போட்டுவிட்டதாகச் சொன்ன விதைப்பு நன்றாக வந்திருக்கிறது. ஜூலைக் கடைசியில் அறுக்க வேண்டும். அத்தானால் மெஷினில் ஏற முடியாது. எனக்கு அந்த இருக்கையில் உட்காரக் கால் வரவில்லை. கூலிக்கு ஆள் இல்லை. நீ வருகிறாயா? வருவதானால் பேச்சு எதுவும் வேண்டாம். அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ.

தெக்லா


ஸவோட்னிகி, 11 ஆகஸ்ட் 2024

கிறிஸ்துவுக்குப் புகழ்!

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும், நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். அத்தானின் முதுகுக்கு வீஸ்லாவா ஒரு தைலம் கொடுத்தனுப்புகிறாள். ராத்திரியில் தடவாமல் காலையில் தடவச் சொல்.

பேச வேண்டாம் என்று சொன்னாய், ஒன்பது நாளும் பேசவில்லை. இப்போது கடிதத்தில் சொன்னால் கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.

முதல் நாள் கடையில் உன்னோடு நின்றேனே, ஒரு அம்மாள் என்னைக் கால் முதல் தலைவரை பார்த்துவிட்டு, "இவருதான் உன் தம்பியா? டிவியில வந்தவரா?" என்று கேட்டார். கடையே திரும்பியது. நீ சில்லறையை எண்ணிக்கொண்டே, "ஆமா, அவன்தான். அறுக்க வந்திருக்கான்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கியிருந்தால்கூட எனக்குச் சம்மதம்தான். அந்த அம்மாள் தன் கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து உன் கூடையில் வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

நாஸாரின் அறையில் படுக்கச் சொன்னாய். படுத்தேன். தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அந்தச் சரசரப்பு கேட்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நான்காம் நாள் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. ஆற்றங்கரை வயலில் அறுத்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், காலை பதினொரு மணி இருக்கும். மெஷினில் ஓட்டுகிறவன் பக்கத்தில் ஒரு சின்ன இருக்கை உண்டல்லவா, நாஸார் பன்னிரண்டு வயதில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது அந்த மாதிரி இருக்கையில்தான். மூலையில் திரும்பும்போது, இடப்பக்கம் ஆள் இருக்கிறான் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. பார்க்கவில்லை. முழங்கையை மட்டும் ஒதுக்கி இடம் கொடுத்தேன். அந்த வரிசை முடியும்வரை அப்படியே ஓட்டினேன். வேலி சாய்ந்த மூலையில், "அகலமாத் திருப்பு, அகலமா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அவனுக்குச் சொல்கிற மாதிரி. கீழே அத்தான் தண்ணீர்க் குடத்தோடு நின்றார். நான் இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தார். "நீயும் பாத்தியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "தெக்லாகிட்ட சொல்லாத. அவளுக்கு இன்னும் ஒருதரம்கூட வரல" என்றார்.

சொல்லிவிட்டேன். அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உனக்குத் தெரியாமல் ஒன்றை மறைப்பது எனக்கு இனி ஆகாது.

தானியம் வாங்க வந்தவனைப் பற்றி இன்னொரு வார்த்தை. பளபளத்த காலணியும் கையில் ஈரம் பார்க்கும் கருவியுமாக வந்து, ஈரம் அதிகம் என்று விலையைக் குறைத்தானே. போன வருஷம் என் கிடங்கில் வந்து நின்று, கிழக்குத் தானியம் மலிவு என்று சொன்னவனின் லாரியிலும் அதே பெயர்தான் எழுதியிருக்கிறது. உன் வாசலில் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் இரண்டு பேரும் ஆற்றின் இரண்டு கரையிலும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பாலத்தில் போய்வந்துகொண்டிருந்தான். அவனோடு நான் சண்டை போட்டதற்கு நீ திட்டினாய். ஆனால் டன்னுக்குக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தான் அல்லவா?

நான் பத்து ஹெக்டேரை விற்றுவிட்டேன், அக்கா. மிச்சத்தை வைத்துக்கொள்வேன். விவசாயிகள் அடுத்த மாதம் தலைநகரில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகிறேன். கேட்க வேண்டியவர்களின் வாசலில் நின்று கேட்பேன். எல்லைக்குப் போக மாட்டேன்.

உன் தம்பி,
போகுமில்


ஸ்தாரி ப்ரீத், 1 செப்டம்பர் 2024

என்றென்றும் புகழ்!

அன்புள்ள தம்பி போகுமிலுக்கும் வீஸ்லாவாவுக்கும், நாங்கள் இரண்டு பேரும் நலம். தைலம் நன்றாகக் கேட்கிறது. அத்தான் இரண்டு நாளாக நிமிர்ந்து நடக்கிறார், அதனால் வீட்டில் அதிகாரம் தாங்க முடியவில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். அத்தானைக் கேட்டேன். ஆமாம் என்றார். மார்ச்சிலிருந்தே வருகிறானாம், உழவுக்கும் உரத்துக்கும். எனக்குச் சொல்லவில்லை. இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து என்னிடம் மறைத்தீர்கள்.  மறுநாள் காலையில் நானே போய் மெஷினில் ஏறி, ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டேன். மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. எனக்கு வர மாட்டான் போலிருக்கிறது. நான் அவனைப் போக வேண்டாம் என்று கதவை மறித்து நின்றவள். நீங்கள் இரண்டு பேரும் அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள். அப்படித்தான் இருக்கும்.

அந்த ரொட்டி கொடுத்த அம்மாளின் மகனும் நாஸாரோடு ஒரே பிரிவில் இருந்தவன். அவனும் இல்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அத்தான் உன்னை மன்னித்துவிட்டார். அது அவர் சுபாவம், அதற்காக நீ பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் இன்னும் மன்னிக்கவில்லை. சும்மா மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்கே தெரிந்துவிடும். கொஞ்ச நாள் ஆகும். வருஷக்கணக்காகக்கூட ஆகலாம். நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விசாரணை அக்டோபரில் என்றாய். இங்கே இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் விதைக்க மண்ணில் ஈரம் சரியாக இருக்கும். உன் ஊரில் விதைத்து முடித்ததும் லெவ்கோவின் வேனில் ஏறிவிடு. அறை பெருக்கி வைத்திருக்கிறேன்.

எவ்வளவு ஆழத்தில் போட வேண்டும் என்று நீயே வந்து பார்த்துச் சொல்.

அக்கா,
தெக்லா